யானைமடுக் குருவிகள்

பெருமழை விட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. தோயா சேற்றுக்காலோடு முற்றத்துக்கு ஓடி வந்தபோது ஜும்வா மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

"வந்துருச்சு" என்றான், மூச்சு வாங்க. "மடுவுக்கு வந்துருச்சு. கூடு கட்டுது. ஒண்ணு ரெண்டு இல்ல, கோரை பூராவும் தொங்குது!"

"எது?"

"குருவிதான். காட்டுத் தூக்கணாங்குருவி. கறுப்புத் தலையும் மஞ்சள் வயிறுமா மரத்து உச்சியிலயே திரியுமே, அதுதான். எங்கதான் போயி குஞ்சு பொரிக்குதுன்னு முவரிங்கா அவ்வளவு நாளா தேடுறாரு. நம்ம மடுவுலதான் கட்டுது. நான்தான் முதல்ல பாத்தேன்."

ஜும்வா கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். அடுத்த கிழங்கை எடுத்துத் தோலைக் கீறினாள். அவன் இன்னும் ஏதோ சொல்லப் பார்த்தான். அவள் நிமிரவில்லை என்று தெரிந்ததும் வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டான். போகும்போது அந்தப் பச்சைச் சட்டையின் பித்தானைப் போட்டுக்கொண்டே போனான்.

யானைமடுவில் இப்போது யானை வருவதில்லை. நல்ல மழை பெய்தால் காட்டின் ஓரத்தில் அந்தப் பள்ளம் நிறைந்து, அல்லியும் கோரையுமாக ஏரி மாதிரி விரிந்து கிடக்கும். மழை தப்பினால் வெடித்த களிமண்தான். இதற்கு முன்னால் அது நிறைந்த வருஷம்தான் கபீபி போனாள்.

கபீபி ஜும்வாவின் ஒரே பெண். ஆறு வயது. பெரிய பிள்ளைகளோடு அல்லிக்கிழங்கு பிடுங்கப் போனவள் திரும்பி வரவில்லை. தோயா அன்று காட்டுக்குள் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தான். ஜும்வா சோளம் அரைக்க மில்லுக்குப் போயிருந்தாள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நீச்சல் தெரியாது. வருஷத்தில் பாதி நாள் குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் யார் நீந்தக் கற்றுக்கொள்வார்கள்? ஆண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நீளக் கழிகளால் குத்திக் குத்திப் பார்த்தார்கள். அதற்கு மேல் போனால் சேறு உள்ளே இழுத்தது. கடைசியில் மடுவே பிள்ளையைக் கொண்டுவந்து கோரையின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டது.

யாருக்கும் தெரியாத ஒன்றை ஜும்வா நெஞ்சுக்குள் வைத்திருந்தாள். அன்று காலையில் சோள மூட்டையைத் தலைக்கு ஏற்றுகிற அவசரத்தில் அவள் இருந்தபோது, "நானும் போகட்டுமா அம்மா?" என்று கபீபி கேட்டாள். "போ, போய்த் தொலை, சீக்கிரம் வந்து சேரு" என்று இவள்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் மடுப்பக்கம் போனதில்லை. ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போக மடுவோரமாக ஒரு குறுக்குவழி இருந்தும், குடத்தைத் தூக்கிக்கொண்டு காட்டைச் சுற்றித்தான் போவாள். தோயாவோ மூட்டம் போடுவதை விட்டுவிட்டான். போன வருஷம், கடலோர நகரமான மாலிந்தியிலிருந்து குருவிகளைப் பற்றி ஆராய வந்துபோகிற முவரிங்கா ஊரில் காட்டையும் குருவிகளையும் காக்க ஒரு காவல் குழு அமைத்தபோது முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தான். விடிந்ததும் குழுவில் கொடுத்த பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு மடுவுக்குப் போவான். தண்ணீர் இல்லாத நாளிலும் போவான். ஆம்பிளை மனசு லேசு, மறந்துவிட்டான் என்று ஜும்வா நினைத்துக்கொண்டாள்.

குருவி கூடு கட்டிய செய்தி போனதும் மாலிந்தியிலிருந்து ஒரு வண்டி வந்தது. மறுநாள் இன்னொன்று. குஞ்சுகள் பறக்கும்வரை யாரும் கோரை அறுக்கக் கூடாது என்று குழுத் தலைவர் செங்கோ வீடுவீடாகச் சொல்லிவிட்டுப் போனார். பாய் முடைகிற பெண்களுக்கு வயிறு எரிந்தது. எல்லோரையும்விடச் சத்தமாக எரிந்தது உமாசிக்கு. அவள் தோயாவின் அண்ணன் மனைவி, ஜும்வாவுக்கு ஓரகத்தி. வாய்க்குப் பூட்டே கிடையாது. ஆனால் கபீபி போன மாதங்களில் ஜும்வாவுக்குக் களி கிண்டி ஊட்டிவிட்டவளும் அவள்தான்.

"கேட்டியா கூத்தை" என்று இரண்டு வாரம் கழித்து ஒருநாள் முற்றத்தில் வந்து உட்கார்ந்தாள். "குருவிக்குப் பிரசவம் பாக்க ரெண்டு வண்டி வந்துருக்கு. நான் ஏழு பெத்தேன், ஒரு ஓட்டை சைக்கிள்கூட வரல!"

ஜும்வாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

"சிரி, சிரி. உம் புருஷன்தான் அங்க மருத்துவச்சி. கோரைப்பக்கம் எட்டிப்பாத்தா போதும், 'அண்ணி, சத்தம் போடாதீங்க, குருவி முட்டையில உக்காந்துருக்கு'ங்கிறான். ஏண்டா, உங்கண்ணன் குறட்டைச் சத்தத்துலயே நான் ஏழு பெத்துருக்கேன், இது ஒரு முட்டை பொரிக்காதாடான்னு கேட்டேன்."

அப்போதுதான் மூன்றாவது வண்டி முற்றத்தைத் தாண்டிப் போனது. கூரைமேல் என்னவோ ஆரஞ்சு நிறத்தில் பெரிதாகக் கட்டியிருந்தார்கள்.

"அது என்னக்கா?"

உமாசி பார்த்தாள்.  முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "என்னவோ. ரப்பர் சாமான்" என்று எழுந்தாள். "அடுப்புல பருப்பு வச்சிட்டு வந்தேன்."

"படகுதானே அக்கா?"

உமாசி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஜும்வா வண்டித் தடத்தின் பின்னாலேயே போனாள். மடுவரை போகவில்லை. பாதை வளைகிற இடத்தில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று அடைத்த படகில் மூன்று பேர், ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு, அல்லி இலைகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போனார்கள். அன்று கழி எட்டாத இடத்துக்கெல்லாம் போனார்கள். ஒவ்வொரு கூட்டின் வாய்க்கும் கீழே சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டி உள்ளே பார்த்தார்கள். கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று தோயா படகைத் தள்ளிவிட்டான். அவர்கள் ஏதோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்தான்.

சாயங்காலம் அவன் வந்து சாப்பிட உட்கார்ந்தான். அவள் களியையும் கீரையையும் வைத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"அந்தப் படகு அன்னிக்கு எங்க இருந்துச்சு?"

களியை உருட்டிய கை நின்றது.

"கேக்குறேன்ல? குருவி முட்டைய எண்ணுறதுக்குப் படகு வருது, வண்டி வருது. எம்புள்ள உள்ள கெடந்தப்ப ஒரு நாய்கூட வரல. நீ அவங்களுக்குப் படகு தள்ளிவிட்டுட்டு நிக்கிற. புள்ளைய முழுங்குன தண்ணியில நின்னு பல்லக் காட்டுற. மனுஷனா நீ?"

தோயா தட்டை நகர்த்தி வைத்தான், கையைக் கழுவினான், எழுந்து அண்ணன் வீட்டுப் பக்கம் போய்விட்டான். திருப்பி அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து மாலிந்தி ஆட்கள் ஊருக்குத் திரும்பிப் போனார்கள். அன்று காலையில் செங்கோ வீட்டில் குழுக்கூட்டம். தோயா அங்கே போனதும் ஜும்வா கூரையில் செருகியிருந்த அரிவாளை எடுத்தாள். யோசித்துச் செய்தாளா என்றால், இல்லை. கால் போனது, அவளும் போனாள்.

மடு அப்படியே இருந்தது. அதே பச்சைத் தண்ணீர், அதே அல்லி. கோரைத் தாள்களின் நுனியில் புல்லைக் கிழித்துப் பின்னிய கூடுகள் உருண்டை உருண்டையாக, வாய் கீழே பார்க்கத் தொங்கின. குருவிகள் போவதும் வருவதுமாக ஒரே இரைச்சல். அந்த உற்சாகத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தண்ணீரில் இறங்கினாள். முதல் கோரைக்கற்றையை இடது கையால் வளைத்துப் பிடித்து அறுத்தாள்.

கற்றை சாய்ந்தது. கூடுகள் தண்ணீரில் விழுந்து கொஞ்சம் மிதந்தன, பிறகு நனைந்து கறுத்தன. இரைச்சல் கூச்சலாக மாறியது. குருவிகள் அவள் தலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன, காதருகே இறக்கை உரசியது. ஒரு கூட்டிலிருந்து குஞ்சு ஒன்று அல்லி இலைமேல் விழுந்தது. இறகு முளைக்காத உடம்பு, தோலுக்குள் வயிறு தெரிந்தது. கண் திறக்காமலேயே வாயை மட்டும் அகலமாகத் திறந்து அவளிடம் ஏதோ கேட்பதுபோல் ஆட்டியது. ஜும்வா அதைப் பார்த்தாள். அந்த இடத்திலேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அடுத்த கற்றையைப் பிடித்தாள், அதற்கடுத்ததையும். எவ்வளவு அறுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அறுத்துக்கொண்டே ஆழத்துக்குப் போய்விட்டாள். சட்டென்று தரை இல்லை. ஒரு கால் இறங்கியது, அதை எடுக்க இன்னொரு காலை ஊன்றினாள், அதுவும் இறங்கியது. தண்ணீர் மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. சேறு கெண்டைக்காலைக் கவ்விக்கொண்டு விடவில்லை. கத்த வாய் திறந்தால் தண்ணீர் புகுந்தது. என் பிள்ளைக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றியது. அதற்கப்புறம் அவள் காலை இழுக்கவில்லை.

"கபீபி அம்மா!"

பிள்ளை போனதிலிருந்து அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. 'இந்தா' என்பான், இல்லையென்றால் எதுவும் சொல்லாமல் வந்து எதிரில் நிற்பான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள். கூட்டம் முடிந்து வந்த தோயா சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கி வந்துகொண்டிருந்தான். அறுபடாத கோரைக்கற்றை ஒன்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டு, இன்னொரு கையால் அவள் தோள் துணியைப் பிடித்து இழுத்தான். துணி கிழிந்தது. தலைமுடியைப் பிடித்து இழுத்தான். எப்படியோ இரண்டு பேரும் கரைக்கு வந்து சேற்றில் விழுந்தார்கள்.

வெகுநேரம் இருமிக்கொண்டே கிடந்தார்கள். எதிரே கோரையில் பாதியைக் காணவில்லை. குருவிகள் கூடு இருந்த இடத்தில் இறங்கப் பார்த்து, இறங்க இடமில்லாமல் மறுபடி மறுபடி எழும்பின.

"நல்லா அறுத்துருக்க" என்றான் தோயா.

"அடி. ரெண்டு அடி அடிச்சிரு."

"அடிச்சு?" அவன் எழுந்து உட்கார்ந்தான். "நான் குருவி பாக்கவா இங்க வர்றேன்னு நெனச்ச? ஒரு ஆம்பள வேலவெட்டி இல்லாம தெனம் தண்ணிக்கரையில வந்து உக்காந்தா ஊரு என்ன சொல்லும்? கிறுக்கும்பாங்க. இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டா எவனும் கேக்க மாட்டான். காலைல வருவேன். புள்ளகிட்ட ரெண்டு வார்த்தை பேசுவேன். அப்புறம்தான் குருவி."

ஜும்வா அவனையே பார்த்தாள்.

"அன்னிக்குச் சிரிச்சியே."

"சிரிச்சேன். அவ கெடந்த எடத்துல ஏதோ ஒரு உசுரு வந்து குஞ்சு பொரிக்குதேன்னு இருந்துச்சு. ஒரு நாள் சிரிச்சுட்டேன். தப்புதான்."

அவள் முகத்தைச் சேற்றில் வைத்து அழுதாள். "நான்தான் போன்னு சொன்னேன்" என்றாள். "போகட்டுமான்னு கேட்டா. நான்தான் போய்த் தொலைன்னு சொன்னேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கூடப் போன புள்ளைங்க அன்னிக்கே சொல்லிட்டாங்க. 'எங்கம்மா போகச் சொல்லுச்சு'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே வந்தாளாம்." அவன் சட்டையைப் பிழிந்தான். "உங்கிட்ட என்னத்தச் சொல்ல?"

மிச்சம் இருந்த கூடுகளில் குஞ்சுகள் தப்பும் என்று தோயா நம்பினான். நடக்கவில்லை. மிரண்ட குருவிகள் உட்காரவேயில்லை. ஒருநாள் காலையில் கூட்டம் மொத்தமும் எழும்பிக் காட்டுப்பக்கம் போனது, அவ்வளவுதான். முவரிங்கா வந்தபோது மடுவில் நாற்றம் எடுத்திருந்தது. அவன் தண்ணீரில் இறங்கி, நனைந்த கூடு ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உலகத்தில் இந்தக் காட்டையும் கடலோரத்துக் காட்டையும் விட்டால் அந்தக் குருவிக்கு வேறு இடமில்லை என்று மெதுவாகச் சொன்னான். யாரையும் குறை சொல்லவில்லை.

குறை சொல்ல ஊரில் ஆள் இருந்தது. செங்கோ வீட்டு மாமரத்தடியில் எல்லோரும் கூடினார்கள். கோரை அறுக்க விடவில்லையே என்று ஊரெல்லாம் கத்தியவள் யார்? உமாசி. அவளைத் தவிர யார் செய்திருப்பார்கள்?

தோயா எழுந்தான். "காவல் என்னோடது. அன்னிக்கு நான் கள்ளு குடிச்சிட்டுத் தூங்கிட்டேன். தப்பு எம்மேலதான்" என்றான்.

"நீ கூட்டத்துல எம் பக்கத்துலதானேப்பா உக்காந்திருந்த?" என்றார் செங்கோ. "அண்ணியக் காப்பாத்தப் பாக்கிறியா?"

ஆட்கள் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவன், "பாய்க்காரி, உன் வீட்டுக் கொல்லையத் தேடினா கோரை கெடைக்கும்ல?" என்றான். 'திருடி' என்று இன்னொரு குரல் கேட்டது. உமாசி மார்பில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள். செத்துப்போன தன் அம்மாமேல் செய்தாள், ஏழு பிள்ளைகள்மேலும் செய்தாள். சத்தம் பெரிதாகப் பெரிதாக அவளை நம்புகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். பெண்களோடு உட்கார்ந்திருந்த ஜும்வா கீழே கிடந்த மாவிலையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். தோயா ஒருமுறை அவளைப் பார்த்தான். சொல் என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை.

உமாசி அவள் பக்கம் திரும்பினாள். "ஏ ஜும்வா, நீயாவது சொல்லு. கோரை அறுக்குறவளா நான்? வாய்தான் எனக்கு நீளம், கை நீளம் கெடையாதுன்னு இவங்ககிட்டச் சொல்லுடி!"

ஜும்வா எழுந்தாள்.

"அக்கா இல்ல. நான்தான் வெட்டுனேன்."



"என்னத்துக்கும்மா?" என்றார் செங்கோ.

அவள் முவரிங்காவின் பக்கம் திரும்பினாள். "தம்பி, அந்தப் படகு எப்ப வாங்குனது?"

அவனுக்குப் புரியவில்லை. "போன வருஷம் அக்கா" என்றான். "ஏன்?"

யாரோ அவன் காதில் குனிந்து சொன்னார்கள். அவன் முகம் மாறியது. தோயாவைத் திரும்பிப் பார்த்து, "ஒரு வருஷமா ஒரே தட்டுல சாப்பிட்டுருக்கோம் அண்ணே. ஒரு வார்த்தை சொல்லலையே" என்றான். 

"அப்ப இருந்திருந்தாலும், அக்கா…" என்று முவரிங்கா ஆரம்பித்தான். மாலிந்தியிலிருந்து வர எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல வந்திருப்பான் போல. பாதியில் விட்டுவிட்டான்.

தோயா பச்சைச் சட்டையைக் கழற்றி மடித்து நீட்டினான். முவரிங்கா கையை நீட்டவில்லை. செங்கோதான் வாங்கிக்கொண்டார். குழுவுக்கு என்று ஒரு ஒழுங்கு இருக்கிறதே.

கூட்டம் கலைந்தபோது ஜும்வா உமாசியின் கையைப் பிடிக்கப் போனாள். உமாசி கையை உதறினாள்.

"திருடின்னு சொல்லும்போது கேட்டுக்கிட்டுத்தானே இருந்த? நானாத் திரும்பி உன்னக் கேக்கலன்னா?" என்றாள். அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து ஜும்வா கேட்டதில்லை. "ஒனக்கு வாயில ஊட்டிவிட்டேனேடி நான்."

அதற்குப் பிறகு அவள் இந்த முற்றத்தை மிதிக்கவில்லை. எதிரில் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் வாயிலிருந்து வசவு வந்தால்கூடப் போதும் என்று ஜும்வா எத்தனையோ நாள் ஏங்கினாள்.

தோயா மறுபடி கரிமூட்டம் போட மாட்டேன் என்றான். கடலோரம் உப்பளத்தில் வேலை கிடைத்தது. எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவான். ஜும்வாதான் இப்போது காலையில் மடுவுக்குப் போனாள். போட்டுக்கொள்ள அவளுக்குச் சட்டை கிடையாது. கரையில் உட்கார்ந்து உதடு அசைய ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். கிறுக்கு என்றார்கள். முதலில் மறைவாகச் சொன்னார்கள், பிறகு அவள் காதுபடவே சொன்னார்கள். தண்ணீர் மாதத்துக்கு மாதம் உள்வாங்கியது. அல்லி அழுகியது. வருஷக் கடைசியில் வரவேண்டிய சிறுமழை அந்த வருஷம் தூறலோடு போய்விட்டது. குருவிகளைக் காட்டின் வடபக்கம் பார்த்ததாக ஒருவன் சொன்னான், அது வேறு குருவி என்றான் இன்னொருவன்.

வெயில் உச்சத்தில் இருந்த மாதத்தில் தோயா வந்தான். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஜும்வா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். எரிச்சலில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"மடுவுல தண்ணி கெடக்கா?" என்று கேட்டான்.

"வத்திப்போச்சு."

"முழுசுமா?"

"முழுசும்."

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "காலைல ரெண்டு பேரும் சேந்து போயிட்டு வருவமா?" என்றாள்.

அவன் பாதத்தைத் திருப்பி வைத்து வழிந்த எண்ணெயைத் துடைத்தான்.

"அதான் தண்ணி இல்லையே" என்றான், தண்ணீர் இல்லாத நாளிலும் அங்கே போனவன்.

காலையில் முதல் லாரிக்கே உப்பளத்துக்குக் கிளம்பிவிட்டான்.